தேடுபவருக்கு யார் துணை?

மத்தியப் பிரதேசத்தின் சிறு நகரம் ஒன்றில், வங்கியில் பணிபுரியும் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வயது 34. தந்தை காலமாகி ஏழு மாதங்கள் ஆகின்றன. துக்கம் எல்லா வீட்டிற்கும் வருவதுதான். வந்த துக்கம் காலப்போக்கில் தணிவதும் இயற்கைதான். இவரிடம் வந்த துக்கமோ தணியவில்லை. இரவு மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பொழுது விடியும்வரை தூக்கம் இல்லை. உணவில் ருசி இல்லை. வங்கியில் ரூபாய் நோட்டுகளை எண்ணும்போது கணக்குத் தவறுகிறது. சிறு மகள் ஓடிவந்து மடியில் ஏறும்போது அவர் புன்னகை செய்கிறார். அந்தப் புன்னகையில் தாம் இல்லை என்பதை அவர் மட்டுமே அறிவார்.

அவர் உதவியை நாடாமல் இருந்துவிடவில்லை. தம் ஊரில் மனநல மருத்துவர் யாரும் இல்லாததால், பல் வலி என்று மேலாளரிடம் சொல்லி ஒருநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் பேருந்தில் பயணம் செய்து ஜபல்பூருக்குச் சென்றார். மருத்துவமனையின் நடையில் நிற்கவும் இடமில்லாத கூட்டம். மருத்துவர் ஐந்து நிமிடங்களில் தூக்கத்தையும் பசியையும் விசாரித்து மருந்து எழுதிக் கொடுத்தார். மருந்து வேலை செய்தது; ஓரளவு தூக்கம் வந்தது. ஆனால் தந்தையின் கடைசி இரவில் தாம் அருகில் இல்லாமல் போனதைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று அவர் ஏங்கினார். அதற்கு அந்த ஐந்து நிமிடங்களில் இடமில்லை.

அடுத்து, விளம்பரம் ஒன்றைப் பார்த்து ஓர் ஆலோசகரிடம் சென்றார். பத்து அமர்வுகளுக்கான கட்டணம் முன்னதாகவே பெறப்பட்டது. முதல் அமர்வில் ஆலோசகர் தம்முடைய சாதனைகளைப் பற்றிப் பேசினார். இரண்டாவது அமர்வில், இதைவிடப் பெரிய துயரத்தில் இருப்பவர்களும் சிரித்துக்கொண்டு வாழ்வதாகவும், இவருக்கு மனவுறுதி போதவில்லை என்றும் கூறினார். மூன்றாவதாக, தொலைபேசி வழியே பேசிய ஒரு பெண்மணி உண்மையிலேயே பொறுமையாகக் கேட்டார். ஆனால் மூன்று உரையாடல்களுக்குப் பிறகு அவர் வேறு பணிக்குச் சென்றுவிட்டார். அவருக்குப் பதிலாக வந்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. சொல்ல இவருக்குத் தெம்பில்லை.

முடிவில் அவர் ஒரு தீர்மானத்திற்கு வந்தார்: ‘குறை என்னிடம்தான் இருக்கிறது. எனக்கு யாராலும் உதவ முடியாது.’ தேடுவதை நிறுத்திக்கொண்டார்.

இந்தத் தீர்மானம் தவறானது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் உடனே சொல்லிவிடுவார். ஆயினும் இது நோயுற்ற மனம் செய்த தவறு மட்டும்தானா? இந்தத் தவறில் அவரைச் சுற்றியுள்ளவர்களுக்கும் பங்கு உண்டா? நல்ல, அக்கறையுள்ள சிகிச்சையாளரைக் கண்டடைவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்ற கேள்வி இங்கேதான் ஓர் அறக்கேள்வியாக மாறுகிறது.

பற்றாக்குறை என்னும் முதல் தடை

கண்ணுக்குத் தெரியும் காரணம் எண்ணிக்கைக் குறைவு. பெங்களூரில் உள்ள ‘நிம்ஹான்ஸ்’ நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பை நடத்தியது. வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினர் அப்போது ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்புடன் வாழ்ந்துகொண்டிருந்தனர் என்று அது தெரிவித்தது. அவர்களில் சிகிச்சை கிட்டாதவர்களின் விகிதம், பாதிப்பின் வகையைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம்வரை இருந்தது. அதாவது, பத்துப் பேர் துன்புற்றால் ஏழு பேருக்கோ ஒன்பது பேருக்கோ எந்த உதவியும் கிட்டவில்லை. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை என்பதே இந்நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் கணக்கு. இருப்பவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில் இருக்கின்றனர்.

இந்நிலையை மாற்ற முயற்சிகள் நடவாமல் இல்லை. 1982-இல் தேசிய மனநலத் திட்டமும், 1996-இல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கப்பட்டன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவைகளைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக ஆக்கியது; நோயாளி சொல்வதை ரகசியமாகக் காப்பதையும் உரிமையாகவே வகுத்தது. 2022 அக்டோபர் 10 அன்று ‘டெலி மானஸ்’ என்னும் இலவசத் தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. இவை யாவும் போற்றத்தக்கவை. ஆயினும் சட்டம் கதவைத் திறந்து வைக்கலாம். கதவுக்குப் பின்னால் அமர்ந்து கேட்பதற்கு ஒரு மனிதர் வேண்டும்.

இரண்டாவது தடை குழப்பம். மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் படிப்பை முடித்து, மனநலத் துறையில் மேற்படிப்புப் படித்தவர். மருந்து எழுதிக் கொடுக்க உரிமை உள்ளவர். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியலில் உயர்கல்வியும் மருத்துவமனைப் பயிற்சியும் பெற்றவர். பேச்சின் வழியாகவும் பயிற்சிகளின் வழியாகவும் சிகிச்சை அளிப்பவர். இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்துகொள்பவர். ‘ஆலோசகர்’ என்ற சொல்லுக்கோ நெடுங்காலம் இத்தகைய வேலி எதுவும் இருக்கவில்லை. பல ஆண்டுகள் முறையாகக் கற்றவரும் ஆலோசகர். வார இறுதி வகுப்பு ஒன்றில் சான்றிதழ் பெற்றவரும் ஆலோசகர். இத்தகைய பணிகளையும் ஒழுங்குமுறைக்குள் கொண்டுவர 2021-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. எனினும் பெயர்ப் பலகையை மட்டும் பார்த்து வேறுபாட்டை அறிவது சாதாரண மனிதருக்கு இன்றும் எளிதல்ல.

சரகர் கண்ட இருவகையினர்

இந்தச் சிக்கல் புதியதல்ல. ஆயுர்வேதத்தின் மூல நூல்களுள் ஒன்றான சரக சம்ஹிதை மருத்துவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கிறது. உயிரைக் காத்து நோயை அழிப்பவர்கள் ஒரு வகை. நோயைக் காத்து உயிரை அழிப்பவர்கள் மற்றொரு வகை. இரண்டாம் வகையினரைப் பற்றி அந்நூல் தரும் விவரிப்பு இன்று எழுதப்பட்டதுபோல் இருக்கிறது. அவர்கள் மருத்துவருக்குரிய வேடத்தை அணிந்து நோயாளிகளைத் தேடி அலைவார்கள். யாரேனும் நோயுற்றதாகக் கேள்விப்பட்டால் விரைந்து சென்று, தம் பெருமையை உரத்த குரலில் பேசுவார்கள். ஏற்கெனவே சிகிச்சை அளிப்பவரிடம் குறை காண்பார்கள். நோயாளியின் நண்பர்களைத் தம் வசமாக்குவார்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, நோயைத் தீர்க்க இயலாதபோது, நோயாளிக்கு வசதி இல்லை, பணிவிடை செய்ய ஆள் இல்லை, மன அடக்கம் இல்லை என்று பழியை அவர்மீதே போட்டுவிடுவார்கள்.

இந்தக் கடைசி அடையாளம் மிகவும் கூர்ந்து நோக்கத்தக்கது. உடல் நோய்க்கு மருந்து பலிக்காவிட்டால் நோயாளி மருத்துவரையோ மருந்தையோ சந்தேகிப்பார். மனம் நோயுற்றவரோ தம்மையே சந்தேகிப்பார். ஏனெனில் தன்னைத் தாழ்வாக எண்ணுவது மனச்சோர்வின் இயல்புகளுள் ஒன்று. ஆகவே, ‘உமக்கு மனவுறுதி இல்லை’ என்று யாரேனும் சொன்னால், அவர் அதை மறுப்பதில்லை. தாம் ஏற்கெனவே அறிந்த ஓர் உண்மைக்குக் கிடைத்த சான்றாக அதை ஏற்றுக்கொள்கிறார். மேலே கண்ட வங்கி ஊழியருக்கு நேர்ந்ததும் இதுவே. திறமையற்ற சிகிச்சையாளர் உதவாமல் போவது ஒரு தீங்கு. உதவியே கிட்டாது என்ற நம்பிக்கையை நோயாளியின் மனத்தில் நட்டுச் செல்வது அதைவிடப் பெரிய தீங்கு. பணத்தைத் திருப்பித் தந்தாலும் அந்தத் தீங்கு நீங்குவதில்லை.

அக்கறையை விலைக்கு வாங்க முடியுமா?

இங்கே இன்னொரு கேள்வி எழுகிறது. கட்டணம் பெற்றுக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு மணி நேரம் காட்டப்படும் அக்கறை உண்மையான அக்கறைதானா? தாயும் நண்பரும் காட்டும் அன்புக்கு விலை இல்லை. விலை வைக்கப்பட்டதும் அது அன்பு என்ற பெயரை இழந்துவிடாதா? சிகிச்சையை நாடத் தயங்கும் பலருடைய உள்ளத்தில் இந்த ஐயம் சொல்லப்படாமல் தங்கியிருக்கிறது.

இந்த ஐயம் இரண்டு வெவ்வேறு பொருள்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஆசிரியர் ஊதியம் பெறுகிறார். அதனால் மாணவர்மீது அவர் காட்டும் பரிவு பொய்யாகிவிடுவதில்லை. ஊதியம் அவருடைய நேரத்திற்கும் கல்விக்கும் உரியது. அந்த நேரத்திற்குள் அவர் மாணவரை எவ்வாறு நோக்குகிறார் என்பது விலைக்கு அப்பாற்பட்டது. அதை யாரும் வாங்க முடியாது, அவரே தர வேண்டும். சிகிச்சையாளரின் நிலையும் இதுவே. கட்டணம் அக்கறையை உண்டாக்குவதும் இல்லை, கெடுப்பதும் இல்லை. அது அறைக்குள் நுழைவதற்கு உரியது. உள்ளே நடப்பது வேறு கணக்கில் சேர்ந்தது.

அப்படியானால் அந்த அக்கறை எதனால் ஆனது? அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் இளமையில் சமயப் பணிக்காக இறையியல் கற்கத் தொடங்கிப் பின்னர் உளவியலுக்கு வந்தவர். 1957-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், சிகிச்சை பலனளிப்பதற்குத் தேவையான நிபந்தனைகளை அவர் வகுத்தார். அவற்றுள் மூன்று பெரிதும் பேசப்படுகின்றன: சிகிச்சையாளர் தம்மளவில் உண்மையாக இருத்தல், வந்திருப்பவரை எந்த நிபந்தனையும் இன்றி மதித்தல், அவருடைய உள்ளுலகை அவருடைய கண்களாலேயே காண முயலுதல். மூன்றாவதில் ஒரு நுட்பமான எச்சரிக்கையும் உண்டு. பிறருடைய துயரத்தைத் தம்முடையதுபோலவே உணர வேண்டும். ஆனால் அந்தப் ‘போல’ என்பதை மறந்துவிடக்கூடாது. மறந்தால் மூழ்குபவரைக் காப்பாற்றச் சென்றவரும் மூழ்கிவிடுவார்.

அதற்குப் பின் பல பத்தாண்டுகளாக நடந்த ஆய்வுகள், சிகிச்சை முறை எதுவாயினும், சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் இடையே உருவாகும் நம்பிக்கை உறவு நல்ல பலனோடு தொடர்புடையது என்பதைத் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. ஆகவே ‘அக்கறையுள்ளவர் வேண்டும்’ என்று தேடுபவர் ஆடம்பரமான ஒன்றைக் கேட்கவில்லை. சிகிச்சையின் ஒரு பகுதியையே கேட்கிறார்.

கருணையும் சமநிலையும்

சரக சம்ஹிதை மருத்துவருக்கு நான்கு மனநிலைகளை விதிக்கிறது: எல்லோரிடமும் நட்பு, நோயுற்றோரிடம் கருணை, குணப்படுத்தக் கூடியவரிடம் மகிழ்ச்சியோடு கூடிய ஈடுபாடு, தம் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட நிலையில் உள்ளவரிடம் சமநிலை. நான்காவதாகக் கூறப்படும் சமநிலைக்கு ‘உபேக்ஷை’ என்று பெயர். இதைப் புறக்கணிப்பு என்று பொருள் கொள்வது பொருந்தாது. தம் எல்லையை அறிந்து, பதற்றமும் பொய்வாக்கும் இன்றி நிற்கும் நிலை அது.

அக்கறை என்றால் உணர்ச்சி மிகுதி என்று பலரும் எண்ணுகின்றனர். கண்ணீர் விடுபவர் அக்கறையுள்ளவர், நள்ளிரவிலும் தொலைபேசியை எடுப்பவர் இன்னும் அக்கறையுள்ளவர் என்று தோன்றுகிறது. ஆனால் எல்லையற்ற பரிவைக் காட்டத் தொடங்கும் சிகிச்சையாளர் விரைவில் களைத்துப் போவார். களைப்பு எரிச்சலாக மாறும். அந்த எரிச்சலைத் தாங்க வேண்டியவர் நோயாளியே. அதைவிடவும், தம்மைச் சார்ந்திருப்பவரால் தம் முக்கியத்துவத்தை உணரும் சிகிச்சையாளர், அவர் குணமாகிச் சென்றுவிடுவதைத் தம்மை அறியாமலேயே விரும்பாமல் போகலாம். நல்ல சிகிச்சையாளரோ முதல் நாளிலிருந்தே தாம் தேவைப்படாத ஒரு நாளை நோக்கி உழைக்கிறார்.

மனநல மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜஸ்வந்த் சிங் நேகி 1973-இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில், குரு-சீடர் உறவை உளவியல் சிகிச்சைக்கு ஒரு முன்மாதிரியாகக் கொள்ள முடியுமா என்று ஆராய்ந்தார். விலகி நின்று கேட்பதோடு நின்றுவிடும் மேலைநாட்டுச் சிகிச்சையாளரைவிட, உரிமையோடு வழிகாட்டுபவரையே இந்திய நோயாளி எதிர்பார்க்கிறார் என்பதை அவர் கருத்தில் கொண்டார். இந்த எண்ணத்தில் பெரும் பயன் உண்டு. பெரும் ஆபத்தும் உண்டு. குருவின் இடத்தில் தகுதியற்றவர் அமர்ந்தால், சீடரின் சரணாகதி அவருக்குக் கருவியாகிவிடும்.

இந்த ஆபத்திலிருந்து காக்கும் அளவுகோல் பகவத் கீதையின் அமைப்பிலேயே இருக்கிறது. முதல் அத்தியாயத்தில் அர்ஜுனன் தன் கலக்கத்தையெல்லாம் கொட்டித் தீர்க்கிறான். அந்த அத்தியாயம் முழுவதிலும் ஸ்ரீகிருஷ்ணர் பேசுவது படைகளைச் சுட்டிக்காட்டும் ஒரே ஒரு வாக்கியம் மட்டுமே. அறிவுரை அதற்குப் பின்னரே வருகிறது. பதினெட்டாம் அத்தியாயத்தில் எல்லாவற்றையும் உரைத்த பிறகு, நன்கு ஆராய்ந்து தன் விருப்பப்படி செய்யுமாறு அர்ஜுனனிடமே முடிவை விட்டுவிடுகிறார். முதலில் கேட்டல், முடிவில் சுதந்திரம் தருதல். இவ்விரண்டு கரைகளுக்கு இடையில் ஓடும் அறிவுரைதான் துன்பத்தைத் தீர்க்கும். கேளாமல் தொடங்கி, கட்டுப்படுத்துவதில் முடியும் அறிவுரை எவ்வளவு உயர்ந்த சொற்களால் ஆனதாயினும் துன்பத்தைக் கூட்டவே செய்யும்.

தேடும் சுமை யாருடையது?

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்குத் திரும்பலாம். நல்ல சிகிச்சையாளரைத் தேட என்னென்ன தேவை? விசாரிக்கும் ஊக்கம், ஒப்பிட்டுப் பார்க்கும் தெளிவு, ஏமாற்றத்தைத் தாங்கும் வலிமை, மீண்டும் தொடங்கும் நம்பிக்கை. மனச்சோர்வு ஒருவரிடமிருந்து எவற்றைப் பறிக்கிறது? ஊக்கத்தை, தெளிவை, வலிமையை, நம்பிக்கையை. கால் முறிந்தவரிடம், ‘மலையுச்சியில் நல்ல எலும்பு மருத்துவர் இருக்கிறார், ஏறிச் சென்று பார்த்துக்கொள்’ என்று யாரும் சொல்வதில்லை. மனம் முறிந்தவரிடமோ உலகம் அதையேதான் நாள்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரித்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பணிபுரிபவரையும் ஒரு கூறாக வைத்தார். சரகரும் இதே நால்வகையைக் கூறி, உடனிருப்பவருக்கு வேண்டிய குணங்களுள் ஒன்றாக நோயாளியிடம் அன்பைக் குறிப்பிடுகிறார். மன நோயில் இந்த நான்காவது கூறே முதலில் செயல்பட வேண்டியது. மருத்துவரைக் கண்டுபிடிக்கும் வேலையே அவருடையதுதான்.

இந்திய மனநல மருத்துவத்தின் வரலாற்றில் இதற்கு ஒரு சிறந்த சான்று உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் வித்யா சாகர். நோயாளிகளின் கூட்டத்தால் நிரம்பி வழிந்த அந்த மருத்துவமனையில் இடமும் இல்லை, போதிய பணியாளர்களும் இல்லை. அவர் வளாகத்திலேயே கூடாரங்களை அமைத்து, நோயாளிகளோடு அவர்களுடைய குடும்பத்தினரையும் தங்க வைத்தார். நோயின் இயல்பை அவர்களுக்கு விளக்கினார். அச்சம் நீங்கிய குடும்பத்தினர் நோயாளியை மீண்டும் வீட்டிற்கு அழைத்துச் சென்றனர். மருத்துவமனைக்குள் அடைத்து மறந்துவிடுவது வழக்கமாக இருந்த காலத்தில் நடந்தது இது. பின்னர் வேலூரிலும் பிற இடங்களிலும் குடும்பத்தினர் உடன் தங்கும் முறை வேரூன்றியது.

உடனிருந்து கேட்கும் திறன் பிறவியிலேயே வாய்த்த சிலருக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டியதில்லை. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘சங்காத்’ என்னும் அமைப்பு மேற்கொண்ட ஆய்வு 2017-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியாயிற்று. மனநலத் துறையில் முன்பட்டம் எதுவும் பெறாத உள்ளூர்வாசிகளுக்குப் பயிற்சி அளித்து, கடும் மனச்சோர்வுற்றோருக்கு ஆறு முதல் எட்டு அமர்வுகள் பேச்சு வழிச் சிகிச்சை தரச் செய்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் வந்தவர்கள் நன்கு தேறினர். இந்த ஆலோசகர்கள் தம் அமர்வுகளின் ஒலிப்பதிவுகளை ஒருவருக்கொருவர் கேட்டு மதிப்பிட்டுத் திருத்திக்கொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது. இவர்கள் போலி ஆலோசகரிடமிருந்து வேறுபடும் இடம் இதுதான். போலி தம் குறையை யாரும் காண விடுவதில்லை. பயிற்சி பெற்றவர் தம் குறையைக் காட்டும்படி கேட்கிறார்.

ஆன்மிக நாட்டமுள்ள இல்லங்களில் நிகழும் ஒரு தவற்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். வீட்டில் ஒருவர் சோர்ந்து கிடக்கும்போது, ‘ஜபம் செய், தியானம் செய், எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்கின்றனர். சொல்பவரின் நோக்கம் நல்லதே. ஆனால் மனத்தைக் குவிக்க இயலாமைதான் அவருடைய நோய் என்றால், தியானம் கைகூடாதபோது தாம் பக்தியற்றவர் என்ற பழியும் அவருடைய சுமையோடு சேர்ந்துவிடும். சரக சம்ஹிதை சிகிச்சையை மூன்றாக வகுக்கிறது: மந்திரம், வழிபாடு முதலிய தெய்வத்தைச் சார்ந்தவை; உணவு, மருந்து முதலிய யுக்தியைச் சார்ந்தவை; தீயவற்றிலிருந்து மனத்தை மீட்டு நிறுத்தும் ‘சத்வாவஜயம்’. மூன்றும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. ஒன்றைக் கைக்கொள்பவர் மற்றவற்றைக் கைவிட வேண்டும் என்று அந்நூல் கூறவில்லை. பிரார்த்தனை செய்யும் குடும்பம் பேருந்துச் சீட்டும் வாங்கலாம்.

எப்படி அறிந்துகொள்வது?

உடன் செல்பவர் கவனிக்க வேண்டியவை சில. சிகிச்சையாளரின் படிப்பையும் பதிவையும் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. தகுதியுள்ளவர் அக்கேள்வியால் புண்படமாட்டார். முதல் சந்திப்பில் யார் அதிகம் பேசினார் என்பதைக் கவனிக்க வேண்டும். சொல்லப்படுவது ரகசியமாக இருக்குமா, உயிருக்கு ஆபத்து போன்ற எந்தச் சூழ்நிலையில் அந்த ரகசியம் தளர்த்தப்படும் என்பதை அவரே விளக்குகிறாரா? விரைவில் முழுக் குணம் என்று உறுதி கூறுகிறாரா? கூறினால் விலகுவது நல்லது. எழுதிக் கொடுத்த மருந்தைத் திடீரென நிறுத்தச் சொல்லி, மருத்துவரைக் கலந்து பேச மறுக்கிறாரா? அப்போதும் விலகுவது நல்லது. சிகிச்சை அறைக்கு வெளியே வேறு உறவையோ பண உதவியையோ நாடுகிறாரா? உடனே விலக வேண்டும். பயன் தெரியாதபோது நோயாளியைக் குறை கூறுகிறாரா, அல்லது வேறு வழியைச் சேர்ந்து யோசிக்கிறாரா என்பதே எல்லாவற்றிலும் உறுதியான உரைகல்.

அதே வேளையில் சிகிச்சையாளருக்கும் நியாயம் செய்ய வேண்டும். ஐந்து நிமிடம் மட்டுமே தரும் மருத்துவர் இரக்கமற்றவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வெளியே நிற்கும் கூட்டத்திற்கு அவர் ஒருவரே மருத்துவராக இருக்கலாம். ஒரே சந்திப்பில் எவரையும் அளந்துவிட முடியாது. மூன்று நான்கு சந்திப்புகள் வேண்டும். ஒருவரிடம் மனம் ஒட்டாமல் போவது இருவரில் யாருடைய குற்றமும் அல்ல.

ஒரு விதிவிலக்கு உண்டு. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒருவருக்கு எழுமானால், அப்போது நல்லவர் யார், மிக நல்லவர் யார் என்று தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அவரைத் தனியே விடாமல், அருகிலுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும். டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. தகுந்த சிகிச்சையாளரைப் பிறகு தேடலாம். உயிர் இருந்தால்தான் அந்தத் தேடலும்.

வெளியே ஒரு பெஞ்சு

வங்கி ஊழியரின் கதையை இவ்வாறு தொடரலாம். அவருடைய மூத்த சகோதரி ஒரு விடுமுறையில் வந்தபோது தம்பியின் முகத்தைப் பார்த்தார். ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்தார். எல்லாவற்றையும் கேட்ட பிறகு அவர் அறிவுரை எதுவும் கூறவில்லை. ‘நீ தேடியது போதும், இனி நான் தேடுகிறேன்’ என்று மட்டும் சொன்னார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர்களை எழுதினார், தொலைபேசியில் விசாரித்தார், தகுதிகளைக் கேட்டார், இரண்டு பெயர்களை அடித்தார். கடைசியில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணிபுரியும் உளவியலாளர் ஒருவரிடம் நாள் குறித்தார். விடியற்காலைப் பேருந்தில் தம்பியோடு சென்றார். தம்பி உள்ளே சென்றதும் வெளியே இருந்த பெஞ்சில் அமர்ந்துகொண்டார்.

உள்ளே இருந்தவர் அதிகம் பேசவில்லை. முடிவில், ‘எட்டு வாரங்கள் சந்திப்போம். பயன் இருக்கிறதா என்று பிறகு இருவரும் சேர்ந்து பார்ப்போம். இல்லையென்றால் தகுந்த வேறொருவரிடம் உங்களை அனுப்புவது என் பொறுப்பு’ என்றார். அன்றுதான் முதன்முறையாக அவர் தந்தையின் கடைசி இரவைப் பற்றிப் பேசினார்.

அதற்குப் பிறகும் துக்கம் உடனே நீங்கிவிடவில்லை. சில இரவுகளில் இன்னமும் மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது. ஆனால் அடுத்த சந்திப்பின் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்தது சகோதரி அல்ல, அவரேதான்.

நல்ல சிகிச்சையாளர்கள் போதுமான அளவில் உருவாவதற்கு அரசும் கல்வி நிறுவனங்களும் இன்னும் பல ஆண்டுகள் உழைக்க வேண்டியிருக்கும். அந்தப் பெஞ்சில் அமர்வதற்கோ பட்டம் எதுவும் தேவையில்லை. துன்புறும் ஒருவர் தேடிக் களைத்து, குறை தம்மிடமே என்று முடிவு கட்டுவதற்கு முன்னால், அவருக்குப் பதிலாகச் சிறிது தூரம் தேடிச் செல்ல ஒருவர் முன்வர வேண்டும். அவரைச் சுற்றி வாழும் எவருக்கும் அந்தக் கடமை உண்டு.